காவலனே கள்வனானால்? – மதுரை வீரன் கதைப்பாடல் பற்றி ஓர் ஆய்வு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

இலக்கியம் என்றவுடன் சங்கப் பாடல்களும் காப்பியங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஏட்டிலே எழுதப்படாமல், உடுக்கையோடும் பம்பையோடும் நாவிலே வளர்ந்த கதைப்பாடல்களை நாம் இலக்கியமாக எண்ணுவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதை முதலியவற்றைப் பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழி அவற்றை அறிஞர் உலகின் முன் வைத்தார்கள். அதன் பிறகே கல்லூரிகளில் இவை பற்றிப் பேச்சு எழுந்தது எனலாம். அவ்வகைப் பாடல்களுள் ஒன்றான மதுரை வீரன் கதையை எடுத்துக்கொண்டு, அதன் நாயகன் உள்ளத்தில் நடக்கும் போராட்டத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறிவியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முதற்பகுதித் தமிழ் எங்களுக்கும் உண்டு. தவிரவும் இக்கதையைப் பாடப்புத்தகத்திற்கு வெளியேதான் நம்மில் பலர் முதலில் கேட்டிருக்கிறோம்.

திருவள்ளூர், கடம்பத்தூர், திருவாலங்காடு வட்டாரங்களில் ஏரிக்கரை ஓரத்திலோ அம்மன் கோயில் வாயிலிலோ மதுரை வீரனுக்கு ஓர் இடம் இருக்கும். மதுரைக்கும் நமக்கும் நெடுந்தொலைவு. அப்படியிருக்க, அந்நகரின் பெயரைத் தாங்கிய காவல் தெய்வம் நம் ஊரெல்லையில் வாளோடு நிற்பது ஏன்? இக்கேள்விக்கு விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கதைச் சுருக்கம்

பெரிய எழுத்துப் பதிப்புகளில் காணும் கதை இது. காசியை ஆண்ட மன்னனுக்கு ஓர் ஆண் மகவு கொடி சுற்றிப் பிறந்தது. அதனால் நாட்டுக்குக் கேடு வரும் என்று சோதிடர் கூறவே, குழந்தையைக் காட்டில் விட்டனர். அருந்ததியர் குலத்துச் சின்னானும் அவன் மனைவி செல்லியும் அதை எடுத்து வளர்த்தனர். பின்னர் அக்குடும்பம் தெற்கே வந்து பொம்மண நாயக்கன் என்னும் பாளையத் தலைவனை அண்டிப் பிழைத்தது. அத்தலைவன் மகள் பொம்மி பருவமெய்தியபோது, அவளை ஊருக்கு வெளியே குடிசையில் அமர்த்தி, இரவுக் காவலுக்குச் சின்னானை நியமித்தனர். மழை கொட்டிய ஓர் இரவில், தந்தைக்குப் பதிலாக மகன் காவலுக்குச் சென்றான். காவல் காக்கச் சென்றவன் காதல் கொண்டான். இருவரும் ஊரைவிட்டு அகன்றனர். துரத்தி வந்த நாயக்கனை வீரன் போரில் வென்று கொன்றான்.

திருச்சிராப்பள்ளி சென்ற வீரனை அந்நகர் மன்னன் விசயரங்கச் சொக்கலிங்கம் படையில் சேர்த்துக்கொண்டான். அப்போது மதுரைத் திருமலை நாயக்கனிடமிருந்து ஓலை வந்தது. அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர் குறும்பு பொறுக்க முடியவில்லை, ஆளனுப்புக என்பது செய்தி. வீரன் படையோடு சென்று அக்குறும்பை ஒடுக்கினான்; திருமலை மன்னனின் பெருமதிப்பைப் பெற்றான். ஆனால் மன்னனின் அரண்மனையைச் சேர்ந்த ஆடல் மகள் வெள்ளையம்மாளிடம் அவன் மனம் சென்றது. இரவில் அவளைக் கவர்ந்து செல்ல முற்பட்டபோது காவலரிடம் சிக்கினான். கள்ளரைப் பிடிக்க வந்தவன் கள்வனாக மன்னன் முன் நின்றான். மாறுகால் மாறுகை வாங்குமாறு ஆணை பிறந்தது; ஒரு பக்கத்துக் கையையும் மறுபக்கத்துக் காலையும் வெட்டும் கொடுந்தண்டனை அது. பொம்மியும் வெள்ளையம்மாளும் ஓடிவந்து கதறினர். மீனாட்சியம்மையின் அருளால் வெட்டுண்ட உறுப்புகள் மீண்டும் பொருந்தின. ஆயினும் வீரன் வாழ ஒப்பவில்லை. தன் தலையைத் தானே அறுத்துக்கொண்டான். இரு பெண்களும் தீப்பாய்ந்தனர். பின்னர் மதுரையில் துன்பங்கள் தோன்ற, மன்னன் அஞ்சி அவனுக்குக் கோயில் எடுத்தான். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே அவன் சன்னிதி இன்றும் உள்ளது.

வரலாறு எவ்வளவு?

இதை நடந்த வரலாறு என்று அப்படியே கொள்வதற்கில்லை. திருமலை நாயக்கர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. திருச்சியில் வீரனுக்கு வேலை கொடுத்த விசயரங்கச் சொக்கலிங்கம், வரலாறு கூறும் விசயரங்கச் சொக்கநாதரானால், அவர் காலம் 1706 முதல் 1732 வரை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வீரன் முதலில் பிற்கால மன்னனிடம் பணிபுரிந்துவிட்டு, அவன் பட்டத்துக்கு வருவதற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் முன்பே மறைந்த மன்னனிடம் தூது போகிறான்! பாடியவர்களுக்கு ஆண்டுக் கணக்கு முக்கியமில்லை. நாயக்கர் ஆட்சி என்றால் திருமலை, பெருங்கோட்டை என்றால் திருச்சி என்று மக்கள் நினைவில் நின்ற பெயர்களை அவர்கள் கோத்துக்கொண்டனர். ஆகவே இன்ன ஆண்டில் இன்ன நாளில் வீரன் வெட்டுண்டான் என்று தேடுவதால் பயனில்லை. ஆனால் கதையில் வரும் காவலும் களவும் தண்டனையும் அக்கால வாழ்க்கையில் உண்மையாக இருந்தவை.

காவல் என்னும் தொழில்

இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் ‘காவல்காரன்’ என்ற சொல்லை இன்று நாம் வாயிற்படியில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் என்ற பொருளில் மட்டுமே அறிவோம். நம் பகுதித் தொழிற்சாலைகளின் வாயிலில் இரவு முழுவதும் விழித்திருப்பவர்களும் அவ்வழியில் வந்தவர்களே என்றாலும், பழைய காவல் வேறு வகைப்பட்டது. ஊராரின் ஆடுமாடு, விளைச்சல், வழிப்போக்கர் ஆகியவற்றைக் காப்பது ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு குலத்தின் உரிமையாக இருந்தது. அறுவடையில் அவர்களுக்குத் தானியப் பங்கு உண்டு. பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவுபோன மாட்டை மீட்டுத் தருவதற்கு வாங்கும் பணத்திற்குத் துப்புக்கூலி என்று பெயர்.

துப்புத் துலக்குபவனுக்குக் களவின் வழிகளெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே காவலனுக்கும் கள்வனுக்கும் இடையே இருந்தது மெல்லிய கோடு. காவல் உரிமையை மறுத்த ஊரில் களவு நடக்கும்; உரிமையைக் கொடுத்தால் அதே கை ஊரைக் காக்கும். இதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்ப்பது சரியன்று. வலிய அரசு கைக்கெட்டாத இடங்களில் அதுவே ஒழுங்குமுறையாக இயங்கியது.

கதையில் ‘கள்ளர்’ என்று ஒரு மக்கள் கூட்டத்தையே பெயர் சொல்லிப் பகைவராக்கியிருப்பதை நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அவர்கள் அந்நாட்டின் பழைய காவல் உரிமையாளர்கள். நாயக்க மன்னர்களுக்குத் தலைவணங்க மறுத்தவர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் பெருமானே கள்ளர் கோலம் பூண்டு மதுரைக்கு எழுந்தருளுகிறார். அவ்வுறவின் வேர்களைப் பேராசிரியர் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வு நூலில் (1989) விளக்கியுள்ளார். பின்னாளில் வெள்ளையர் ஆட்சி 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளக் காவற்படையை அமைத்தபோது பழைய காவல் முறை மெல்ல மெல்லக் குற்றமாயிற்று. 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து, ஒரு பெண் உள்ளிட்டுப் பலர் மாண்டனர். 1947-இல்தான் அச்சட்டம் நம் மாகாணத்தில் நீக்கப்பட்டது. நேற்றுக் காவலர், இன்று குற்றவாளி என்று பெயர் மாற்றுவது ஆள்பவரின் கையில் இருந்தது. வீரன் கதையிலும் நடப்பது அதுவே.

அழகர்கோயில் வாயிலிலே இதற்கு இணையான இன்னொரு கதை உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பர் முதலில் காவலராக அங்கு வரவில்லை. அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல மலையாளத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளோடு வந்த தெய்வம் அவர். மந்திரவாதிகள் படிகளின் கீழே புதைக்கப்பட்டனர். உடன் வந்தவர் அழகரின் அழகில் மயங்கிக் கதவுக்குக் காவலாகி நின்றுவிட்டார். கருப்பர் களவிலிருந்து காவலுக்கு வந்தார். வீரன் காவலிலிருந்து களவுக்குப் போனான். இருவரும் வாயிலில்தான் நிற்கிறார்கள், உள்ளே அல்லர்.

இரண்டு இரவுகள்

இனி நம் பொருளுக்கு வருவோம். வீரன் வாழ்வில் ஒரே செயல் இரண்டு முறை நடக்கிறது. இரண்டும் இரவில், இரண்டிலும் அவன் காவல் பொறுப்பில் இருக்கிறான், இரண்டிலும் தலைவன் வீட்டுப் பெண் ஒருத்தியை விரும்புகிறான். முதல் இரவு அவனுக்கு வாழ்வு தந்தது. இரண்டாம் இரவு அவனை வெட்டுப்பாறைக்கு இழுத்துச் சென்றது. ஏன் இந்த வேறுபாடு?

முதல் முறை அவன் யாருக்கும் வாக்குக் கொடுத்தவன் அல்லன். குடிசைக் காவல் தந்தையின் வேலை. பொம்மண நாயக்கனின் சோற்றை அவன் உண்டிருக்கலாம். ஆனால் அவனிடம் பட்டமோ பரிசோ பெற்றவன் அல்லன். காதலும் ஒருதலையானதன்று, பொம்மி தானே உடன் வந்தாள். இது சங்க இலக்கியம் கூறும் உடன்போக்கு என்னும் துறைக்கு உரியது. துரத்தி வந்தவர்களை அவன் நேருக்கு நேர் நின்று எதிர்த்தான்.

மதுரையிலோ நிலைமை வேறு. திருமலை மன்னன் அவனை நம்பி ஊரையே ஒப்படைத்திருக்கிறான். பிறப்பைக் கேட்டு ஒதுக்காமல், தோள்வலியைக் கண்டு உயர்த்தியவன் அவன். காட்டில் எறியப்பட்டு, செருப்புத் தைக்கும் குடிசையில் வளர்ந்த ஒருவனுக்கு அந்த மதிப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதைத்தான் நம்மவர் செஞ்சோற்றுக் கடன் என்பர். நம் பக்கத்துத் தெருக்கூத்துகளில் கர்ணமோட்சம் ஆடும் இரவில், தன் உடன்பிறந்தாரே எதிரே நிற்பது தெரிந்தும் துரியோதனனை விட்டு நீங்காத கர்ணனுக்காகக் கூட்டம் அழுவதைப் பார்க்கலாம். கர்ணன் கடனைத் தேர்ந்து மாண்டான். வீரன் காதலைத் தேர்ந்து மாண்டான். மக்கள் இருவருக்காகவும் அழுகின்றனர்.

ஆனால் வீரன் உண்மையில் தேர்ந்தானா என்பதே என் ஐயம். பாடலின் போக்கைப் பார்த்தால், மன்னனை விட்டு ஓட வேண்டும் என்று அவன் எண்ணியதாகத் தோன்றவில்லை. வெள்ளையம்மாளும் வேண்டும், மன்னனின் நம்பிக்கையும் வேண்டும் என்று இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே இருக்கப் பார்த்தான். பகலில் கேட்டால் கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும். அரண்மனை ஆடல் மகளிர் மன்னனின் உடைமையாகக் கருதப்பட்ட காலம் அது. எனவே இரவை நாடினான். ஊர்க்காவலுக்குப் பொறுப்பானவனே ஊர் உறங்கும்போது மறைந்து நடந்தான். அக்கணத்திலேயே அவன் தான் ஒடுக்கிய கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். அவனைப் பிடித்தவர்கள் அவனுக்குக் கீழே பணிபுரிந்த காவலர்களாகவே இருந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது கதையின் கூர்மை மேலும் விளங்குகிறது.

மற்றொரு மதுரைத் தீர்ப்பு

மதுரை, கள்வன் என்ற பழி, விசாரியாத மன்னன், கணவனை இழந்து வந்து நிற்கும் பெண், ஆடல் மகள் ஒருத்தி, பின்னர் மதுரைக்கு வரும் துன்பம், இறுதியில் கோயில்: இவற்றை வரிசையாக எழுதினால் யாரும் சிலப்பதிகாரம் என்றே சொல்வர். வீரன் கதையும் இதே உறுப்புகளால் ஆனது என்பது வியப்பளிக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைக் கட்டினார்கள் என்று நான் கூறவரவில்லை. மதுரை என்ற நகரைப் பற்றித் தமிழ் மக்கள் மனத்தில் ஒரு பழைய நீதிக் கதை ஊறிக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

வேற்றுமைதான் இங்கு முக்கியம். கோவலன் களவு செய்யாதவன். வீரன் மன்னன் கணக்கில் செய்தவன். கோவலனைக் கொன்ற பாண்டியன் உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் நீத்தான். திருமலை மன்னனோ சாகவில்லை. கோயில் கட்டினான்; ஆட்சியைத் தொடர்ந்தான். காப்பியம் பாடிய புலவர் மன்னனும் அறத்திற்குக் கட்டுப்பட்டவன் என்று நம்பினார். கூத்திலும் உடுக்கையிலும் பாடியவர்கள் அவ்வளவு நம்பவில்லை. ஏழை செத்தபின் அவனுக்குச் சிலை வைப்பார்கள், அரசனுக்கு ஒன்றும் ஆகாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கக்கூடும்.

காசி மன்னன் மகனா?

வீரனைக் காசி அரசகுமாரனாக்கிய முன்கதையைப் பற்றி ஒரு சொல் சொல்லியே ஆக வேண்டும். சின்னானும் செல்லியும் பெற்ற மகனாகவே அவனை விட்டிருந்தால் கதைக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. மாறாக, காவற்குடிசையில் நடந்த காதலும், நாயக்கனின் சினமும், மதுரையில் விழுந்த வெட்டும் அப்போதுதான் முழுப்பொருள் பெறுகின்றன. தாழ்த்தப்பட்ட குலத்தான் ஒருவன் பாளையத் தலைவன் மகளை மணந்தான் என்பதைச் சொல்ல அஞ்சிய கை ஏதோ ஒன்று, அவன் பிறப்பில் அரசன்தான் என்று ஒரு பட்டாடையைப் போர்த்திவிட்டது.

இது வெறும் ஊகமன்று. இதே வேலை வேறு கதைப்பாடல்களிலும் நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் அந்தணன், வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து செருப்புத் தைத்தான், மாமனின் மாடுகளைக் காக்கும் காவலில் கள்வரோடு பொருது மாண்டான். பின்வந்த வடிவம் ஒன்றில் அப்பெண்களே அந்தணர் வீட்டில் பிறந்தவர்கள் என்று முன்கதை சேர்க்கப்பட்டதை நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். காத்தவராயனுக்கும் தெய்வப் பிறப்பு உண்டு. ஆயினும் அந்தணப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவிலேறினான். மூன்று கதைகள், மூன்று காதல்கள், மூன்றிலும் சாவு. மூன்றிலும் பிறப்பைத் திருத்தி எழுதும் முயற்சி. சொறிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் மக்கள் செருப்பைக் காணிக்கை செலுத்துகின்றனர். பூணூலை அல்ல, செருப்பைத்தான். எது உண்மைக் கதை என்று வழிபடுபவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவையெல்லாம் நாயக்கர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று யாரேனும் கருதினால், 2016 மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். சாதி மாறி மணந்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவரை மனைவியின் கண்ணெதிரே கூலிப்படையினர் வெட்டிக் கொன்றனர். பெண்ணும் வெட்டுப்பட்டாள், பிழைத்தாள். பொம்மண நாயக்கனாவது தானே குதிரையேறி வந்தான். இன்று கூலி கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள். அரிவாள் எடுத்து வந்தவர்களுக்கு அந்த இளைஞரோடு எந்தப் பகையும் இல்லை. வாங்கிய பணத்திற்குச் செய்தார்கள். செஞ்சோற்றுக் கடன் இவ்வளவு மலிவாகிப்போனதை வீரன் கதை பாடியவர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ!

பொம்மி

கதையைக் கேட்பவர் எல்லாரும் வீரனுக்காக இரங்குகின்றனர். பொம்மியை யார் கேட்டார்கள்? தந்தை வீட்டை அவனுக்காக விட்டாள். அத்தந்தையை அவன் கையாலேயே இழந்தாள். ஊர் ஊராக அவனோடு அலைந்தாள். அவன் பெயரும் புகழும் பெற்ற நகரிலே, அவன் வேறொருத்தியின் வீட்டை நோக்கி இரவில் நடந்ததை அறிந்தாள். அவனுக்காக மீனாட்சியின் முன் நின்று மன்றாடினாள். அவன் பிழைத்தெழுந்தும் அவளுக்காக வாழ எண்ணவில்லை. கடமைக்கும் காதலுக்கும் இடையே கிழிபட்டவன் வீரன் என்று நாம் எழுதுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் விலை கொடுத்தவள் பொம்மியே. வெள்ளையம்மாள் நிலை இதனினும் பாவம்; அவளுக்கு விருப்பம் இருந்ததா, அச்சம் இருந்ததா என்பதைக் கூடப் பாடல் நின்று கேட்பதில்லை.

1956-இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ திரைப்படம் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. யோகானந்த் இயக்க, கண்ணதாசன் உரையாடல் எழுத, எம்.ஜி.ஆர். வீரனாகவும் பானுமதி பொம்மியாகவும் பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்தனர். நாயகன் மீது குற்றம் சேராதவாறு, மன்னனின் மனத்தைத் திரிக்கும் சூழ்ச்சிக்காரர்களைப் படம் முன்னிறுத்தியது. திரையரங்குகளில் நூறு நாள் ஓடியது. பெண்களும் ஏழை மக்களும் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் கருத்தில் படத்து வீரனைவிடப் பாட்டு வீரனே பெரியவன். படத்து வீரன் பொய்க் குற்றச்சாட்டுக்குப் பலியானவன். பாட்டு வீரனோ தான் செய்தது என்ன என்று தெரிந்தவன்.

ஏன் தலையை அறுத்தான்?

கை கால் மீண்டும் பொருந்திய பின் வீரன் ஏன் இறந்தான் என்ற கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். முன்வினை, விதி என்று பாடல் காரணம் சொல்லும். அது பாடுபவர் வழக்கம். கதைக்குள்ளேயே வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

எழுந்து நின்ற வீரனின் முன்னே மூன்று வழிகள் இருந்தன. மன்னனிடம் திரும்பிப் போய் மீண்டும் காவலனாகலாம். போயிருந்தால், தன்னை விசாரியாமல் வெட்டியவனுக்கு மீண்டும் கைகட்டி நிற்க வேண்டும். பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு நகரைவிட்டு நீங்கலாம். நீங்கியிருந்தால், தண்டனையிலிருந்து தப்பி ஓடிய கள்வன் என்ற பெயரே நிலைத்திருக்கும். மூன்றாவது, மன்னனின் மேல் வாளெடுப்பது. பொம்மண நாயக்கனை வெட்டிய கைக்கு அது முடியாததன்று. ஆனால் அந்தக் கை இம்முறை எழவில்லை. உயர்த்திவிட்டவன் மீது அதனால் எழ இயலவில்லை என்றே நான் கருதுகிறேன். மன்னன் தந்த தீர்ப்பை மீனாட்சி திருப்பிவிட்டாள். மன்னனுக்குத் தான் பட்ட கடனை வீரனே தீர்த்துக்கொண்டான். அதே வேளையில், மன்னனின் வாளால் சாகாமல் தன் வாளால் செத்ததன் மூலம், என் உயிர் உன் ஆணைக்கு உட்பட்டதன்று என்றும் சொல்லிவிட்டான். பணிவும் எதிர்ப்பும் ஒரே வெட்டில் அமைந்திருக்கின்றன. இது என் துணிபு. பேராசிரியர்கள் வேறு கருதக்கூடும்.

அதன் பிறகு நடந்ததுதான் விந்தை. உயிரோடு இருந்தபோது ஒரு நகரின் காவலனாக இருந்தவன், இறந்தபின் எண்ணற்ற ஊர்களின் காவலனானான். தன் காவலில் தவறியவன் என்று மன்னன் வெட்டிய ஒருவனிடமே மக்கள் தங்கள் ஏரியையும் வயலையும் பிள்ளைகளையும் ஒப்படைத்தனர். சுருட்டும் சாராயமும் கோழியும் படைத்து, இரவில் ஊரைச் சுற்றி வா என்று வேண்டினர். வழுக்கி விழுந்து வலியறிந்த காவலன், விழாத காவலனைவிட நம்பத்தக்கவன் என்று அவர்கள் எண்ணினர் போலும். சிற்பிகளும் அவனைக் குறையுறுப்போடு செய்வதில்லை. இரு கையும் இரு காலும் முழுமையாக, பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறமும் இருக்கவே செய்கின்றனர். அரண்மனையில் ஒன்றாக நிற்க இடமில்லாத மூவருக்கும் ஊரெல்லையில் ஒரே பீடம் கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் அவனை உடன் அழைத்துச் சென்றனர். மலேசியாவின் தோட்டங்களில் அவன் பெயர் மாறாமல் இருக்கிறது. இந்துமாக்கடலில் உள்ள ரெயூனியன் தீவிலும், அட்லாண்டிக்கிற்கு அப்பால் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளிலும் தமிழ் பேச்சு வழக்கொழிந்து பிரெஞ்சும் கிரெயோலும் ஆட்சி செய்கின்றன. அங்கே மாரியம்மன் கோயிலில் அம்மனுக்கு அருகே குதிரையோடு நிற்கும் தெய்வத்தை ‘மால்தெவிலின்’ என்பது போன்ற பெயர்களால் அழைக்கின்றனர். மதுரை எங்கிருக்கிறது என்று அறியாதவர்களும் அவன் முன்னே கிடா வெட்டிப் பூசை செய்கின்றனர்.